கூரையின் உஷ்ணமும் அதைத் தடுக்கும் வகையும்

சென்னை நகரின் தென்பாகத்தில், அடையாற்றின் முகத்துவாரத்திற்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் நடுவே ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு இருக்கின்றது. 1882-ம் வருஷத்தில் பிரம்மஞான சங்கம் தன் தலைமை ஸ்தலத்தை அடையாற்றுக்கு மாற்றியபோது அதன் தலைவராயிருந்த கர்னல் ஒல்காட் என்பவரின் பெயரே இதற்கு வழங்கி வருகின்றது. ஒரு பக்கம் அச்சங்கத்தின் விஸ்தாரமான தோப்பு. மற்றொரு பக்கம் வங்கக் கடல். காற்றுக்குக் குறைவில்லாத இடம். அப்படியிருந்தும் சித்திரை, வைகாசி மாதங்களில் ஷீட் வேய்ந்த வீட்டுக்குள் பகலிலும், தளம் போட்ட வீட்டுக்குள் இரவிலும் படுக்க இயலாமல், பாயைச் சுருட்டிக்கொண்டு மணலுக்குப் போவது கடற்கரைக் குப்பங்களில் சகஜமான காட்சியாகும். வெளியே குளிர்ந்த காற்று வீசும்போது வீட்டுக்குள் மட்டும் உஷ்ணம் தங்குவது ஏன், அதைக் குறைந்த செலவில் குறைப்பது எப்படி என்பதைச் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இது சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. பின்னிரவில் கட்டுமரத்தையோ பைபர் படகையோ தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் முற்பகலில் கரைக்குத் திரும்பி, வெயில் உச்சியில் ஏறும் நேரத்திலேதான் கண்ணயர வேண்டியிருக்கின்றது. அந்தத் தூக்கத்தைக் கூரை கெடுக்குமானால், மறுநாள் அலை முறியும் இடத்தில் படகைத் திருப்பும் கை தளர்ந்திருக்கும். கைக்குழந்தைகளும் வயோதிகர்களும் பகல் முழுவதும் அந்தக் கூரைக்கடியிலேயே இருக்கிறார்கள். 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் பதிவாயிற்று. அது நிழலில் அளந்த அளவு. கச்சான் எனப்படும் மேல்காற்று பலமாயிருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதித்தே கரையேறுமாதலால், குப்பத்து வீடுகளும் அத்தகைய உஷ்ணத்துக்குத் தப்புவதில்லை.

வீட்டுக்குள் வரும் உஷ்ணத்தில் பெரும்பங்கு கூரை வழியாகவே வருகின்றது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு தடவையும் ஆகஸ்டு மாத நடுவில் ஒரு தடவையும் நண்பகற் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கின்றது. அப்பொழுது சுவர்மேல் வெயில் அநேகமாகப் படுவதேயில்லை. கூரைமேலோ முழுவதும் விழுகின்றது. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 11 சதுர அடிப் பரப்பில் விழும் வெயிலின் சக்தி, ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி இழுக்கும் 1,000 வாட்டுக்குச் சமமாகும். ஆகவே 300 சதுர அடியுள்ள கூரைமேல் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இஸ்திரிப் பெட்டிகளைக் காயவைத்துப் பரப்பியதற்கு ஒப்பாகும். இதை எதிர்க்க ஒரு மின்விசிறி போதாதென்பதை வேறு விளக்க வேண்டுவதில்லை. விசிறி செய்வதெல்லாம் மேலே தங்கிய உஷ்ணக் காற்றைக் கீழே தள்ளுவதுதான்.

ஓலைக் கூரை போனதால் வந்த நஷ்டம்

நம் முன்னோர் வேய்ந்த தென்னங்கீற்றுக் கூரையிலும் பனையோலைக் கூரையிலும் இந்தத் தொல்லை இல்லை. ஓலைக்கு ஓலை நடுவில் ஆயிரக்கணக்கான சிறு காற்றறைகள் இருக்கின்றன. அசையாத காற்று உஷ்ணத்தை மிக மெதுவாகவே கடத்தும். கனமாக வேய்ந்த ஓலையைவிடச் சிமெண்ட் கான்கிரீட் ஏறக்குறைய இருபது மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்துகின்றது. ஓலையின் மேற்புறம் காய்ந்தாலும் அடிப்புறம் கையால் தொடும்படி இருப்பதன் காரணம் இதுவே.

ஆயினும் ஓலைக்குத் திரும்புங்களென்று யாரும் உபதேசிக்க முடியாது. 2004-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை இந்த ராஜதானியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நெருக்கமான குப்பத்தில் ஒரு அடுப்புப் பொறி ஒரு தெருவையே அழித்துவிடும். அன்றியும் ஓலையை ஓரிரு வருஷங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். கீற்றின் விலையும் வேய்கிறவர் கூலியும் ஏறிவிட்டன. சர்க்காரும் குடிசைகளை மாற்றிக் கட்டுவதையே கொள்கையாகக் கொண்டிருக்கின்றனர். 2024-ம் வருஷத்தில் கிராமப்புறங்களுக்கென்று அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளமே போட வேண்டுமென்று விதித்திருக்கின்றது. தீயினின்று பாதுகாப்புக் கிடைத்தது, குளிர்ச்சி போயிற்று. போனதை வேறு வகையில் திரும்பப் பெறுவதுதான் இப்பொழுது நம் முன்னுள்ள காரியம்.

ஐஸ் பெட்டி கற்பிக்கும் பாடம்

உஷ்ணத்தைத் தடுக்கும் வித்தை மீனவருக்குப் புதிதன்று. மீனை ஐஸில் வைத்து வெயிலில் நாள் முழுவதும் காப்பாற்றும் பெட்டியைத் தினந்தோறும் கையாள்கிறவர்கள் அவர்களே. அப்பெட்டியின் இரண்டு சுவர்களுக்கு நடுவே தெர்மாகோல் போன்ற காற்றடைத்த பொருள் இருக்கின்றது. மூடி இறுக மூடியிருக்கின்றது. மேற்புறம் பெரும்பாலும் வெளிர்நிறமாயிருக்கின்றது. வீட்டிலும் வேண்டியது இதுதான்.

இதற்குப் பெரிய உதாரணம் குப்பத்திலிருந்து வடக்கே சில மைல் தூரத்தில், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னும் நிற்கின்றது. 1842-ம் வருஷத்தில் அமெரிக்க வியாபாரியான பிரடெரிக் டியூடர் என்பவர் கட்டுவித்த ஐஸ் ஹவுஸ் அது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் மாரிக்காலத்தில் வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, மாதக்கணக்கில் உஷ்ண மண்டலத்தின் வழியாகக் கொண்டுவந்து இங்கே சேமித்தார்கள். மின்சாரமோ இயந்திரமோ அக்காலத்தில் இல்லை. மரத்தூளும் அதற்குள் அடைபட்ட காற்றுமே அந்த ஐஸைச் சென்னை வெயிலிலிருந்து காத்தன. பிற்காலத்தில், 1897-ல், சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த கட்டிடமும் அதுவே. இப்பொழுது விவேகானந்தர் இல்லமென வழங்குகின்றது.

ஆனால் ஐஸ் பெட்டிக்கும் வீட்டுக்கும் ஒரு பேதம் உண்டு. பெட்டியை இறுக மூடுவது நன்மை. வீட்டை அப்படி மூடினால், அடுப்பின் உஷ்ணமும் மனிதர் உடம்பின் உஷ்ணமும் வியர்வை ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். கூரையை அடைக்க வேண்டும். காற்றை அடைக்கக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்க வேண்டுகிறோம்.

முதல் வேலை: மேற்புறத்தை வெளுத்தல்

உஷ்ணம் உள்ளே வந்த பிறகு தடுப்பதைவிட, கூரையின் மேல் தோலிலேயே திருப்பி அனுப்பிவிடுவது சுலபம், மலிவு. வெண்மையான பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். உட்கொண்ட சொற்ப உஷ்ணத்தையும் ஆகாயத்தை நோக்கி வெளிவிடும். பாசியும் தூசியும் படிந்து கறுத்த சிமெண்ட் ஷீட்டோ வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றது. புதிய தகரம் பளபளவென்றிருப்பதால் குளிர்ச்சியாயிருக்குமென்று சிலர் எண்ணுவர், அது தவறு. தகரம் வெயிலை ஓரளவு திருப்பினாலும், தான் ஏற்ற உஷ்ணத்தை வெளிவிடும் சக்தி அதற்குக் குறைவு. ஆகையால் பளபளப்பாயிருக்கும்போதே கைவைக்க முடியாதபடி காய்ந்துவிடுகின்றது. துருப்பிடித்த பிறகு கேட்க வேண்டியதில்லை.

கான்கிரீட் தளத்துக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் சுண்ணாம்புப் பூச்சே போதும். கற்சுண்ணாம்பையோ கிளிஞ்சற் சுண்ணாம்பையோ நல்ல தண்ணீரில் நீற்றி ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்காகக் கஞ்சியோ வேல்மரப் பிசினோ சிறிது சேர்த்து, மோர் பதத்தில் இரண்டு கை பூச வேண்டும். முதற்கை நெடுக்கிலும் இரண்டாங்கை குறுக்கிலும் போனால் இடைவெளி விழாது. பூசுமுன் தளத்தைத் தேய்த்துக் கழுவிப் பாசியை நீக்குதல் அவசியம். கடல்நீரை எக்காரணத்தாலும் உபயோகிக்கலாகாது. பூச்சு நிற்கட்டுமென்று சிலர் உப்புச் சேர்ப்பதுண்டு. தளத்துக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் அதுவும் வேண்டாம். கடற்காற்றின் உப்பே அக்கம்பிகளுக்குப் போதுமான சத்துரு. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; கண்ணில் பட்டால் பார்வைக்கு அபாயம். குழந்தைகளை அண்ட விடக் கூடாது. இந்தப் பூச்சு ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துவிடுமாதலால், வருஷந்தோறும் பங்குனி மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். மழைநீரைத் தொட்டியில் சேமிக்கிறவர்கள் முதல் மழையின் நீரை வெளியே விட்டுவிடுவது நல்லது.

தகர ஷீட்டில் சுண்ணாம்பு நிற்பதில்லை. அதற்குத் துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு ஒரு கை கொடுத்து, அதன்மேல் வெளிப்புறத்துக்கான வெள்ளைப் பெயிண்டு அடிக்க வேண்டும். உஷ்ணத்தைத் திருப்பும் பெயிண்டு என்று விசேஷமாக விற்பவை சில வருஷங்கள் நிற்கும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஆமதாபாத் நகரில் 2017-ம் வருஷத்தில் ஏழைகள் வசிக்கும் பகுதிகளில் சுமார் 3,000 வீட்டுக் கூரைகளை வெளுக்கும் முயற்சி தொடங்கப்பட்டது. தெலுங்கானா சர்க்கார் 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டனர். வெளுத்த கூரையின் கீழுள்ள அறையில் சாதாரணமாய் 2 முதல் 5 டிகிரி வரை உஷ்ணம் குறையுமென்று இத்தகைய முயற்சிகளில் கணக்கிட்டிருக்கின்றனர். கையில் பணம் கொஞ்சமே இருக்குமானால் அதை முழுவதும் இந்த ஒரு வேலைக்கே செலவிடுவது புத்திசாலித்தனம் என்பது எமது அபிப்பிராயம்.

பரணைச் சீர்செய்தல்

சாய்வான கூரையுள்ள வீடுகளில் முகட்டின் கீழ்ப் பரண் கட்டி, பழைய வலை, மிதவை, கயிறு, பாத்திரம் முதலியவற்றைப் போட்டு வைப்பது வழக்கம். கூரைக்கும் பரணுக்கும் நடுவேயுள்ள இந்த இடத்தை ஒழுங்குசெய்தால் அது உஷ்ணத்துக்கு ஒரு வேலியாகும். செய்யாவிட்டால் அது ஒரு அடுப்பாகும். முதலில் அதைக் காலிசெய்து பெருக்க வேண்டும். மண்ணெண்ணெய், படகு இயந்திரத்துக்கான எண்ணெய், பெயிண்டு டப்பா ஆகியவற்றைப் பரணில் வைப்பது எக்காலத்திலும் கூடாது. நைலான் வலைகளும் தீயில் உருகிச் சொட்டக்கூடியவையே. அடுத்தபடியாக மின்சாரக் கம்பிகளைப் பரிசோதித்து, உறை உரிந்தவற்றை மாற்றிக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். எலிகள் கடித்து வைத்த கம்பியை மூடி மறைத்து அதன்மேல் தட்டி அடிப்பது தீயைத் தாமே அழைப்பதாகும்.

சிமெண்ட் ஷீட் வேய்ந்தவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஷீட்டுகளில் பெரும்பாலானவை கல்நார் கலந்தவை. முழுசாயிருக்கும் வரையில் அதனால் கெடுதி குறைவு. அறுத்தாலும் துளைத்தாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் பறந்து நுரையீரலில் தங்கி, பல வருஷங்களுக்குப் பின் கொடிய வியாதிகளை உண்டாக்கும். ஆகையால் தட்டி கட்டுவதற்கு ஷீட்டில் ஆணி அடிக்காமல், கீழுள்ள மரச் சட்டத்திலோ இரும்புக் குழாயிலோ கட்ட வேண்டும். உடைந்த துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுக்க வேண்டும். வெள்ளையடிக்க ஷீட்டின்மேல் நேராகக் கால் வைப்பதும் ஆபத்து. ஷீட் திடீரென முறிந்து ஆள் கீழே விழுவான். சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நின்றே வேலை செய்ய வேண்டும்.

இனித் தடுப்பு அமைக்கும் விதம். காய்ந்த ஷீட் தன் உஷ்ணத்தைப் பெரும்பாலும் கதிர்களாகவே கீழே வீசுகின்றது. அடுப்பெதிரே நிற்கையில் முகத்தில் படும் அனல் போன்றது இது. இடையில் ஒரு திரை இருந்தால் இந்தக் கதிர் தடைப்படும். ஷீட்டுக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மூங்கில் தட்டியோ ஜிப்சம் பலகையோ கட்டலாம். அத்தட்டியின் மேற்புறத்தில் அலுமினியத் தகடு ஒட்டிய விரிப்பைப் பளபளப்பான பக்கம் காற்றிடைவெளியைப் பார்க்கும்படி போட்டால் பலன் அதிகம். ஏனெனில் அத்தகடு தன்மேல் படும் அனலில் மிகச் சிறிய பங்கையே உட்கொள்ளும். தகடு ஷீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பிரயோஜனம் போய்விடும். மின்சாரக் கம்பியைத் தொட்டாலோ உயிருக்கே மோசம். தூசி படியப் படியப் பளபளப்பும் மங்கும். வருஷத்துக்கு ஒருமுறை துடைக்க வசதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தெர்மாகோல் பலகைகளைக் கூரைக்கடியில் ஒட்டித் தருவதாக வியாபாரிகள் வருவார்கள். அது உஷ்ணத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் தீப்பட்டால் உருகிச் சொட்டிக் கரும்புகை கக்கும். ஓலையின் தீக்கு அஞ்சி ஷீட்டுக்கு மாறியவர்கள் அதன் கீழே தெர்மாகோலை மூடாமல் தொங்கவிடுவது விபரீதமாகும். போடுவதானால் கீழ்ப்புறம் ஜிப்சம் பலகை போன்ற எரியாத பொருளால் மூட வேண்டும். அடுப்பங்கரையின் மேல் தெர்மாகோல், பாய், துணி, தட்டி ஒன்றுமே வேண்டாம். அங்கே வெள்ளைப் பூச்சோடு நிறுத்திக்கொள்வது க்ஷேமம்.

இவ்வாறு கட்டிய இடைவெளியில் காற்று ஓட வேண்டும். உஷ்ணக் காற்று மேலே எழும் சுபாவமுள்ளது. முகட்டுப் பக்கத்தில் வெளிப்போக்கும், இறவாணத்தில் உட்புகுவழியும் இருந்தால் அது தானே வெளியேறும். குப்பங்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கத்துச் சன்னல்களுக்கு இடமில்லை. ஆகவே முகட்டு வழி மிகவும் முக்கியம். அதன்மேல் மழைச்சாரல் தடுக்கும் மூடியும், எலியும் பறவையும் நுழையாதபடி கம்பி வலையும் வேண்டும். வாடைக் காலத்து மழை கடற்பக்கத்திலிருந்து சாய்ந்து அடிக்குமாதலால், வெளிப்போக்கைக் கூடியவரை மேற்குப் பக்கம் நோக்கி அமைப்பது உசிதம்.

தளம் போட்ட வீடுகள்

கான்கிரீட் தளத்தின் குணம் ஷீட்டுக்கு மாறானது. ஷீட் உடனே காய்ந்து, பொழுது சாய்ந்தவுடன் ஆறிவிடும். தளமோ பகல் முழுவதும் உஷ்ணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு முன்னிரவிலும் நள்ளிரவிலும் கீழே விடும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய இடங்களிலுள்ள பழைய மச்சு வீடுகளில் தேக்கு உத்திரங்களின்மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பதித்திருப்பதைக் காணலாம். இக்காலத்துக் கான்கிரீட்டின்மேலும் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் அந்த ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தைப் போடலாம். ஒழுக்கும் நிற்கும், உஷ்ணமும் குறையும். செலவைக் குறைக்க அநேகர் இதை விட்டுவிட்டு வெறும் கான்கிரீட்டோடு நிறுத்திவிடுவதே இரவு உஷ்ணத்துக்குப் பெருங்காரணம். ஓட்டுக் கடைகளில் கழிவாகக் கிடைக்கும் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைச் சாந்தில் பதிப்பதும் சிறந்தது. வெண்மை மழையில் கரைவதில்லை. ஆனால் எதைப் போடுவதானாலும் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதை, சுவரும் கம்பியும் தெரிந்த ஒருவரிடம் கேட்டறிய வேண்டும். கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் பெயர்ந்து விழும் தளத்தின்மேல் பாரம் ஏற்றலாகாது.

மாடியில் பந்தலிட்டு அவரை, பாகல், சுரை முதலிய கொடிகளைத் தொட்டியில் ஏற்றிவிட்டால் வெயில் தளத்தைத் தொடுவதேயில்லை, காயும் கிடைக்கும். உப்புக் காற்று நேரே படும் முதல் வரிசை வீடுகளில் கொடி கருகிவிடக் கூடும். பந்தலை ஐப்பசிக்கு முன் பிரித்துவிட வேண்டும். 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஷீட்டுகளும் மரங்களும் பட்ட பாட்டைக் கண்டவர்கள் இதற்கு வேறு காரணம் கேட்க மாட்டார்கள்.

சங்கத்தின் மூலம் செய்யத்தக்கது

சுண்ணாம்பு, பெயிண்டு, அலுமினிய விரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வாங்குவதைவிடச் சங்கத்தின் பேரில் மொத்தமாக வாங்கினால் விலை சகாயமாயிருக்கும். ஏணியும் பலகைகளும் ஒரு ஜோடி போதும். எல்லா வீடுகளுக்கும் முறை வைத்துக் கொடுக்கலாம். எந்த வீட்டிலிருந்து தொடங்குவது என்ற விவாதம் நிச்சயமாய் எழும். கைக்குழந்தையும் நோயாளியும் வயோதிகரும் உள்ள ஷீட் வீடுகளை முதலில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும், நாளைக்கு யாருக்கோ போகப்போகும் கூரைக்குச் செலவிடத் தயங்குவது இயற்கையே. அவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சும், கயிற்றால் கட்டிக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய தட்டியும் ஏற்றவை. ஜல்லித் தளமும் பீங்கான் ஓடும் சொந்த வீட்டுக்காரர்களுக்கே உரியவை.

வேலை தொடங்குமுன் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளைத் தெரிந்தெடுத்து, ஒன்றில் மட்டும் வெள்ளையடித்துப் பார்ப்பது நலம். இரு வீடுகளிலும் படுக்கும் பாயிலிருந்து மூன்று அடி உயரத்தில் ஒரு உஷ்ணமானியைத் தொங்கவிட்டு, பத்து நாட்கள் பிற்பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்த்து எழுதி வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். எழுதிய கணக்குப் புத்தகம் சங்கத்தின் அறையிலேயே இருக்கட்டும். அடுத்த பங்குனியில் எந்த வீட்டுக்கு மறுபூச்சு, எந்த வீட்டுக்குத் தட்டி என்பதை அதைப் பார்த்தே நிர்வாக சபையார் தீர்மானிக்கலாம்.